துணி தாங்கியது, தாள் தாங்கவில்லை

சாஃப்ட் டாப் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் துணியைத்தான் விரலால் நெருடிப் பார்க்கிறார்கள். எத்தனை அடுக்கு, தண்ணீர் இறங்குமா, வெயிலுக்கு வெளுக்குமா என்று கேட்கிறார்கள். தவளக்குப்பத்தில் ஒரு பழைய மஹிந்திரா தாரை வைத்துக்கொண்டு, ஃபெஞ்சல் புயலுக்குக் கொஞ்சம் முன்னால் அதற்குப் புது டாப் மாட்டி, மழையும் கோடையும் அறுவடையும் பார்த்தாகிவிட்டது. நான் சொல்வது ஒன்றுதான்: துணியை விடுங்கள், பின்னால் தைத்திருக்கிற பிளாஸ்டிக் ஜன்னலைப் பாருங்கள்.

வண்டி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2010-ல் அறிமுகமான முதல் தலைமுறைத் தார், 2.5 லிட்டர் சிஆர்டிஇ டீசல், 105 குதிரைத்திறன், பின்னால் எதிரெதிராக உட்காரும் பெஞ்சு. கம்பெனியே கெட்டிக் கூரை போட்டுத் தர ஆரம்பித்தது 2020-ல் வந்த அடுத்த தலைமுறையில்தான். அதுவரை தார் என்றால் துணிக்கூரை. என் வண்டியின் பழைய கேன்வாஸ் தன் காலத்துக்கு நன்றாகவே உழைத்துவிட்டுத் தையலில் பிரிந்தது. புது டாப்பை வெளிச்சந்தையில் வாங்கினேன். வடக்கிலிருந்து பார்சலில் வந்தது. தயாரிப்பாளர் பெயர் இங்கே வேண்டாம். ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை, இந்தப் பொருளைத் தைத்து விற்கும் வழக்கத்திலேயே இருக்கிறது.

மாட்டுவதற்கு ஆள் பலம் வேண்டாம், வெயில் வேண்டும். துணியை விரித்து நல்ல வெயிலில் போட்டு, சூடேறி இளகிய பிறகு மாட்டினால்தான் மடிப்புகள் விடும். முன் ஓரத்தை விண்ட்ஷீல்டு ஃபிரேமின் மேல் பள்ளத்தில் செருகி, வளைவுக் கம்பிகளின் மேல் இழுத்து, இடமும் வலமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் நடுத்தையல் கோணிக்கொள்ளும். பிறகு மழைத் தண்ணீர் அந்தக் கோணலில்தான் தேங்கும். இரண்டு பேர் இருந்தால் காலை வெயிலில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம். டிச் பட்டன்களுக்காக வண்டியின் உடம்பில் துளை போடச் சொல்கிறார்கள். அதற்குக் கூடவே தருவது முலாம் பூசிய இரும்பு ஸ்க்ரூ. நல்லவாடும் புதுக்குப்பமும் பக்கத்தில் இருக்கிற ஊரில் இரும்பு ஸ்க்ரூவை வண்டியில் இறக்கினால், துருவை நாமே அழைத்து வந்து குடிவைப்பதாகும். எல்லாவற்றையும் எஸ்.எஸ். ஸ்க்ரூவாக மாற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் பிரைமர் தொட்டு வைத்த பிறகுதான் முடுக்கினேன். கடலோரத்தில் வண்டி வைத்திருக்கிற யாரும் இதைத் தவிர்க்கக் கூடாது.

துணிக்கு வந்த சோதனை சாதாரணமானதல்ல. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது; கடந்தும் நகராமல் மணிக்கணக்கில் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் கொட்டியது ஏறத்தாழ 48 செ.மீ. வாசலில் நின்ற வண்டிக்குள் கை வைத்துப் பார்த்தேன். விண்ட்ஷீல்டின் இரண்டு மூலையிலும் தையல் ஓட்டை வழியாகக் கசிவு இருந்தது. மற்றபடி பெஞ்சு சீட்டு காய்ந்தே இருந்தது. ஊசி போன ஓட்டைதான் எந்த டாப்புக்கும் முதல் ஒழுகல். உள்பக்கம் தையல் மேல் சீலர் தடவியதும் நின்றுவிட்டது. அதற்கடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தபோது, பின்திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் ஏற்றிப் போனோம். இரும்புக் கூரை வண்டியில் பின்கதவு வழியாக நுழைத்து நுழைத்து வைக்க வேண்டியதை, இதில் நின்றபடியே தூக்கி உள்ளே வைக்கலாம். துணிக்கூரையின் மேல் எனக்குள்ள மரியாதை அன்றைக்கு இன்னும் கூடியது.

இப்போது ஜன்னலுக்கு வருகிறேன்.

பின்னாலும் பக்கவாட்டிலும் இருப்பது கண்ணாடியல்ல, பிவிசி தாள். பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைப்பதற்காக எண்ணெய்ப்பசையுள்ள ஒரு சேர்மானத்தைக் கலக்கிறார்கள். வெயிலில் அந்தச் சேர்மானம் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். அது போகப் போகத் தாள் சுருங்கும், மஞ்சளிக்கும், மடிக்கிற இடத்தில் வெடிக்கும். சூடான வளைவுக் கம்பியில் தாள் படுகிற இடத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தால் அது எந்தத் துடைப்புக்கும் போகாது. சித்திரை, வைகாசியில் இங்கே நிழலில்லாமல் நிறுத்திய வண்டிக்குள் கை வைக்க முடியாத சூடு. புதிதாக இருந்தபோது பளிங்காகத் தெரிந்த தாள் முதல் கோடையிலேயே மங்க ஆரம்பித்தது.

வெயில் பாதிதான் காரணம்; மீதி அறுவடைத் தூசி. கிருமாம்பாக்கத்தில் திரும்பி பாகூர் போகிற வழியில், அறுப்புக் காலத்தில் சாலையோரம் நெல் காயும். வண்டிகள் போகப் போக உமித்தூள் எழும்பி எல்லாவற்றின் மேலும் படியும். நெல் உமியில் சிலிக்கா அதிகம்; ஆலை இயந்திரங்களின் இரும்பையே அது தேய்க்கும் என்றால் இந்த மெல்லிய தாள் எந்த மூலைக்கு? இந்தத் தூளோடு காய்ந்த துணியால் ஒரே ஒரு தரம் துடைத்தாலும் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வட்ட வட்டமாக நூல் கீறல் தெரியும். முதலில் தண்ணீரை ஊற்றித் தூளை ஓடவிட வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே, தின்னர், பெட்ரோல் எதுவும் கிட்டே வரக் கூடாது. பெட்ரோல் பங்கில் அன்போடு ஓடிவந்து அழுக்குத் துணியால் துடைக்கிற பையனிடம், "தம்பி, பின்னாடி மட்டும் விட்டுடுப்பா" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது.

இது அழகு பற்றிய புகார் அல்ல. கடலூர் சாலையில் ராத்திரி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு தனியார் பஸ் ஹை பீமில் வந்தால், கீறல் விழுந்த தாள் முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடும். உள் கண்ணாடியில் வெளிச்சம் மட்டுமே தெரியும், பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது தெரியாது. அதில் மழையும் சேர்ந்தால் இரண்டு பக்கக் கண்ணாடிகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். தவளக்குப்பம் சந்திப்பில் சட்டென்று வலது பக்கம் வெட்டுகிற டூ வீலர்களுக்கு நடுவே அது போதாது. மேற்கூரை சரியாக இருந்தும், பின்பக்கம் பார்க்க முடியாததால் ராத்திரியில் வண்டியை எடுக்கவே யோசிக்கிற நிலை வந்தது.

இங்கேதான் என் மனத்தாங்கல். தாள் கெட்டால் தாளை மட்டும் மாற்ற வழியில்லை. பின்திரையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். விசாரித்தால் முழு டாப்பையும் வாங்கச் சொல்கிறார்கள். பத்து வருஷம் உழைக்கிற துணியில் இரண்டு மூன்று வருஷம்கூடத் தாங்காத தாளைப் பிரிக்க முடியாதபடி தைத்து விற்பது நியாயமே இல்லை. உலகத்தில் இதற்கு விடை தெரியாமலும் இல்லை. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் பிளாஸ்டிக் பின்ஜன்னல். இரண்டாம் தலைமுறையிலேயே கண்ணாடிக்கு மாறிவிட்டார்கள். 2018 மாடல் ஜீப் ராங்ளரில் ஜிப்பையே எடுத்துவிட்டு, ஜன்னல்கள் பள்ளத்தில் செருகிக் கழற்றுகிற மாதிரி வைத்தார்கள். நம் ஊர் டாப் தைப்பவர்களுக்கு இது கஷ்டமான வேலையே அல்ல.

ஜிப்பைச் சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத் திரைகள் ஜிப்பில்தான் நிற்கின்றன. வண்டியைச் சவுக்குத் தோப்பு நிழலில் நிறுத்துவது இங்கே எல்லாருக்கும் வழக்கம். சவுக்கு இலை ஊசி ஊசியாக உதிர்ந்து ஜிப் பற்களுக்குள் படுத்துக்கொள்ளும். அதன் மேல் உப்புக்காற்றின் ஈரம். ரன்னர் அங்கே வந்ததும் நிற்கும். வேகமாக இழுத்தால் பல் போகும். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியை இரண்டு பக்கப் பற்களிலும் தேய்த்தால் வாரக்கணக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய் போடக் கூடாது, மணலை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ரன்னர் உலோகமாக இருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு இரும்புக் கூரைக்கு மாறுவேனா என்றால், மாட்டேன். தை மாதக் காலையில் டாப்பைக் கழற்றிவிட்டு பாகூர் ஏரிக்கரை மேல் மெதுவாகப் போனால், ஈர மண்ணும் வைக்கோலும் கலந்த வாசனை வண்டிக்குள் அப்படியே வந்து உட்காரும். மதகில் தண்ணீர் இறங்குகிற சத்தம் எஞ்சினைத் தாண்டிக் கேட்கும். சந்தையோ எதிர்த்திசையில் போகிறது. ஜிப்ஸியின் காலம் முடிந்தது. 2023-ல் வந்த பின்சக்கர ஓட்டத் தாரும் சரி, ஜிம்னியும் சரி, 2024-ன் தார் ராக்ஸும் சரி, மூன்றும் கெட்டிக் கூரைதான். கெட்டிக் கூரை வண்டியை அறுத்துத் துணி போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே கையில் இருக்கிற துணிக்கூரை வண்டிகளை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் வழி.

என் பின்ஜன்னலுக்கு வழி காட்டியது கடலூர் சாலையில் ஒரு குஷன் கடை. ஆட்டோ டாப்பும் டிராக்டர் சீட்டும் தைக்கிறவர். தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாத்தறது பெரிய வேல இல்ல தம்பி. ஆனா பழையபடியே தச்சிக் குடுத்தா திரும்பவும் இதே வேலைக்கி எங்கிட்ட வருவீங்க. சுத்தியும் ஜிப் வச்சி, தாள மட்டும் கழட்டற மாதிரி பண்ணிடறேன்" என்றார். படகுகளுக்குப் போடுகிற கனமான தாளாக வாங்கி வரச் சொன்னார். ஓரத்தில் நைலான் ஜிப், அதன் மேல் மழை இறங்காமல் ஒரு மடிப்பு, தாள் கம்பியில் படுகிற இடத்தில் உள்பக்கம் மெத்தென்று ஒரு துணிப்பட்டை. மொத்தச் செலவு ஒரு டயர் விலைகூட வரவில்லை. அறுவடைக் காலத்தில் தாளைக் கழற்றிப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி வீட்டில் வைத்துவிடுகிறேன். ராத்திரிப் பயணம் என்றால் மட்டும் மாட்டுகிறேன். பின்னால் வருகிற பஸ் இப்போது பஸ்ஸாகவே தெரிகிறது.

அடுத்த மழைக்கு முன் பக்கவாட்டுத் தாள்கள் இரண்டையும் இதே மாதிரி மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். அளவெடுக்க வண்டியை ஒரு நாள் கடையில் விடச் சொன்னார்; டாப்பைக் கழற்றாமல், இறுக்கிய நிலையிலேயே கொண்டுவர வேண்டுமாம்.