வெண்பாவின் இட்லித் தட்டு

"இதுக்கா மாமா பாஃப்டா குடுத்தான்? சண்டை இல்ல, ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சு போச்சு" என்றான் கோட்டாற்றில் என் மருமகன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' என்ற சமையல் வீடியோ கேமைத்தான் சொல்கிறான்.

நீளம் போதாது, ஒத்துக்கொள்கிறேன். நாயகி வெண்பாவின் மகன் கவின் வளர்வதைக் காட்ட இன்னும் நாலு சமையலாவது வேண்டும். ஆனால் அந்த முதல் இட்லி! சிதைந்த குறிப்பேட்டை வைத்துத் தட்டுகளை அடுக்க வேண்டும். குழிக்கு மேல் குழி நேராக வந்தால் இட்லி நசுங்கிவிடும். சற்றே திருப்பி, இடைவெளிக்கு மேல் குழி வரும்படி வைக்கவேண்டும். எங்கள் அம்மாவின் விரல்கள் பார்க்காமலே செய்யும் வேலை. கனடாவில் குடியேறிய வெண்பாவுக்கு அதுவே புதிர். இதைவிடப் பெரிய சாகசம் எதற்கு?

மருமகன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. புட்டுக்குழல் கட்டத்தை மட்டும் மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறான்.