வினைமுதல் இல்லாத வாக்கியம்: ‘ராணி’யும் செல்வியும்

பெரம்பலூரில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஈழப் பெண் கவிதைகளுக்கென்று இரண்டு வாரம் ஒதுக்குவேன். 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் தொடங்கி, சிவரமணிக்கு வந்து, செல்வியில் முடிப்பேன். சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளைத் தானே எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர். அவரைப் பற்றிப் பேசும்போது என் குரல் தடுமாறியதில்லை. செல்வியைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஒரே வாக்கியம்தான் சொல்லிவந்தேன்: “போர்க்காலத்தில் காணாமல் போனார்.”

ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். துறைமங்கலம் முகாமிலிருந்து வருகிறவள். முகாமிலேயே பிறந்தவள். “மேம், அவங்க காணாமப் போகல. பிடிச்சிட்டுப் போனாங்க. எங்க அம்மம்மா சொல்வாங்க.”

யார் பிடித்துப் போனார்கள் என்று வகுப்பில் வேறு யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மணி அடித்தது. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு விடை தெரியாமல் இல்லை. செல்வநிதி தியாகராஜா, வவுனியா மாவட்டத்துச் சேமமடுவில் பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த மூன்றாம் ஆண்டு மாணவி. ‘தோழி’ என்ற பெண்ணிய இதழை நடத்தியவர். சீதனத்தையும் பாலியல் வன்முறையையும் பற்றி நாடகம் போட்டவர். போரில் நிர்க்கதியான பெண்களுக்கான ‘பூரணி’ இல்லத்தில் வேலை செய்தவர். 1991 ஆகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டு, அவர் எங்கிருக்கிறார் என்று தெரியாத நிலையில், பன்னாட்டு எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்குக் கவிதைக்கான விருதை அறிவித்தது. அவர் திரும்பி வரவேயில்லை. கொல்லப்பட்ட செய்தி 1997இல்தான் வெளியே வந்தது.

இத்தனையும் தெரிந்தவள் ஏன் ‘காணாமல் போனார்’ என்றேன்? நான் வாழும் பகுதி அப்படி. பொன்பரப்பியில் 1987இல் தமிழரசன் கொல்லப்பட்டதை இன்றும் நேற்று நடந்ததுபோலப் பேசுகிற ஊர்கள் இவை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் இங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறோம், நானும் ஏற்றியிருக்கிறேன். அந்தத் துக்கம் பொய்யில்லை. அந்தத் துக்கத்துக்குள் செல்வியை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவரைக் கொன்றவர்களை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டேன். தமிழாசிரியர்களுக்கு இது எளிது. செயப்பாட்டு வினையில் ‘ஆல்’ உருபை விட்டுவிட்டால் வினைமுதல் மறைந்துவிடும். ‘காணாமல் போனார்’ அதைவிட வசதி. போனவரே போய்விட்டதுபோல் ஆகிவிடுகிறது.

‘ராணி’ படத்தைப் பார்த்தபோது இந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது.

அசோக ஹந்தகம இயக்கிய சிங்களப் படம். 2025 ஜனவரியில் வெளியானது. ‘இனி அவன்’ என்று தமிழிலும் ஒரு படம் எடுத்தவர் அவர். தயாரித்தது, நம்மூர்த் திரையரங்குகளில் நாம் அடிக்கடி பெயர் பார்க்கும் லைக்கா. கொல்லப்பட்டவர் ரிச்சர்ட் டி சொய்சா: ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், பத்திரிகையாளர், நடிகர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘யுகாந்தய’வில் நடித்தவர். தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு நசுக்கிக்கொண்டிருந்த காலம். கிளர்ச்சிக்காரர்களும் கொன்றார்கள், அரசின் ஆட்கள் அதைவிட அதிகமாகக் கொன்றார்கள். 1990 பிப்ரவரி 18 அதிகாலையில் ராஜகிரியவில் இருந்த வீட்டிலிருந்து, அம்மாவின் கண்முன்னே, ரிச்சர்டை ஆயுதம் தாங்கியவர்கள் இழுத்துச் சென்றார்கள். மறுநாள் மொறட்டுவைக் கடலோரத்தில் உடல் கிடைத்தது. வயது 31.

அந்த அம்மா டாக்டர் மனோராணி சரவணமுத்து. கொழும்புத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சிங்களவரை மணந்து பிரிந்தவர். படத்தின் பெயரே அவருடையதுதான். ‘தடயம’, ‘சுத்திலாகே கதாவ’ காலத்திலிருந்து சிங்களத் திரையின் வலிமையான பெண்களை நடித்துவரும் சுவர்ணா மல்லவாரச்சி அவராக நடித்திருக்கிறார். அந்த முகத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். துக்கம் வந்தபின் ஒரு பெண்ணின் முகம் எப்படி மற்றவர்களின் சொத்தாகிறது என்பதை அவர் நடிப்பில் பார்க்கிறோம். ஆறுதல் சொல்ல வருகிறவருக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது, அரசியல்வாதிக்கு வேறொரு முகம்.

ஆனால் படம் முடிந்தபின் ரிச்சர்டின் கவிதை ஒன்றும் என்னிடம் தங்கவில்லை. கொல்லப்பட்ட கவிஞர்களைப் பற்றிய படங்களுக்கு இது பழைய நோய். 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் கிரனாடா அருகே சுட்டுக்கொல்லப்பட்ட லோர்க்காவைப் பற்றி ஆண்டி கார்சியா நடித்த படமும் கவிஞரின் மரணத்தைத் துப்பறியும் கதையாகத்தான் நகர்கிறது. சாவு காட்சியாகிறது, கவிதை அந்தச் சாவுக்குப் பின்னணி இசையாகிறது.

இலங்கையில் ‘ராணி’ மீது எழுந்த சண்டை வேறு. படத்தில் மனோராணி அடிக்கடி குடிக்கிறார், சிகரெட் பிடிக்கிறார். அவரை அறிந்தவர்கள் பலர் இது அவரல்ல என்று கோபப்பட்டார்கள். இந்தச் சண்டை அரியலூருக்கும் வந்தது. அங்கே மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பெண்கள் கூடிப் படிப்போம், படம் பார்ப்போம். ‘ராணி’ முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னார்: “அந்தம்மாவ இப்படிக் காட்டியிருக்க வேணாம். பார்க்குறவங்களுக்குப் பரிதாபம் வர வேணாமா?” பக்கத்தில் இருந்த பெரியம்மா விடவில்லை: “ஏன் டீச்சர், குடிச்சவ புள்ளையக் கொன்னா அது கொலை இல்லையா?”

நான் பெரியம்மாவின் பக்கம்தான். ‘அவர் குடிக்கவில்லை, நல்ல அம்மா’ என்று வாதாடும்போது, நல்ல அம்மாவுக்கு மட்டுமே நீதி கேட்கும் உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அதற்காக இயக்குநரை முழுதாக விட்டுவிடவும் முடியாது. வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டு, இது கற்பனை என்று தப்பித்துக்கொள்வது ஆண் படைப்பாளிகளின் நெடுங்காலச் சலுகை. மனோராணி ஊரறிந்த மருத்துவர். நோயாளிகளின் உடலைத் தொட்டுப் பார்த்த கைகள் அவை. மகனின் உடலை அடையாளம் காட்டியதும் அந்தக் கண்கள்தான். அந்தக் கைக்குக் கோப்பையைக் கொடுத்தால் துக்கத்தைக் காட்டிவிடலாம் என்று திரை நினைப்பது சோம்பேறித்தனம்.

உடலைத் தேடும் தாய் தமிழுக்குப் புதியவள் அல்ல. மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டு, வாளோடு போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டிய புறநானூற்றுத் தாயை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். காக்கைபாடினியார் பாடியது. மகன் சிதைந்து கிடப்பதைக் கண்டு பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் அவள். ‘உவகைக் கலுழ்ச்சி’ என்று துறை எழுதி, மதிப்பெண் வாங்கி, அடுத்த பாட்டுக்குப் போகிறோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். மனோராணி அந்தத் தாய்க்கு நேர் எதிரே நிற்கிறார். மகனை அவர் வீரனாக்கவில்லை. தனக்கு உடலாவது கிடைத்தது, அதுவும் கிடைக்காத ஆயிரக்கணக்கான தாய்மார் இருக்கிறார்கள், அந்த வகையில் தான் கொடுத்துவைத்தவள் என்ற பொருளில் அவர் பேசினார். தன் துக்கத்தை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு, எண்ணப்படாதவர்களின் பக்கம் போய் நின்றார்.

1990இல் தெற்கில் உருவான அன்னையர் முன்னணிக்கு அவர் தலைவரானார். யாழ்ப்பாணத்தில் 1984இலேயே இதே பெயரில் தமிழ்த் தாய்மார் திரண்டிருந்தார்கள். அர்ஜென்டினாவில் 1977 முதல் வெள்ளைத் தலைத்துணியோடு பிளாசா டி மாயோவைச் சுற்றி நடந்த தாய்மாரை உலகம் அறியும். இலங்கைத் தாய்மார் இன்னொன்றும் செய்தார்கள்: சாபமிட்டார்கள். 1992இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில், ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாளன்று தேங்காய் உடைத்து, அழுது, முறையிட்டார்கள். கூட்டம் போடத் தடை போடலாம். அம்மனிடம் அழுவதற்கு எந்தச் சட்டத்தில் தடை போடுவது? மாலதி டி அல்விஸ் இந்தக் கண்ணீரையும் சாபத்தையும் அரசியலாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்.

எங்கள் மாணவிகளுக்கு இது சட்டென்று புரிகிறது. மதுரையை எரித்த கண்ணகி வந்து கோபம் தணிந்த இடம் என்று சொல்லப்படும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும். மண்ணை வாரித் தூற்றிய பாட்டிகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் தாய்மை மட்டுமே திறக்கும் கதவு எவ்வளவு தூரம் போகும்? அந்த முன்னணியை உருவாக்குவதில் முன்னின்ற எதிர்க்கட்சி அரசியல்வாதிகள் இருவர்: மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். தெற்கத்துத் தாய்மாரின் கண்ணீரோடு மேடையேறிய அதே மகிந்த, 2009இல் ஜனாதிபதியாக இருந்தார். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தமிழ்த் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு 2017 பிப்ரவரி முதல் தெருவோரம் உட்கார்ந்தார்கள். கண்ணீரை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம்.

மனோராணியிடம் வாடகைக்கு எடுக்க முடியாதது ஒன்று இருந்தது. மகனைப் பிடித்துப் போனவர்களில் ஒருவரின் முகத்தை அவர் தொலைக்காட்சியில் பார்த்தார். மூத்த போலீஸ் அதிகாரி. ‘இவர்தான்’ என்று பெயரைச் சொன்னார். அவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் கொலை மிரட்டல் வந்தது. நாட்டை விட்டுச் சில காலம் வெளியேற வேண்டியிருந்தது. அவர் 2001இல் இறந்தார். வழக்கில் பின்னர் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்கள் 2005இல் விடுதலையானார்கள். நீதிமன்றம் கைவிட்ட இடத்திலும் அவர் சொன்ன வாக்கியம் நிற்கிறது. அதில் ‘ஆல்’ உருபு இருக்கிறது. அழுத தாயைவிட, பெயர் சொன்ன இந்தப் பெண்தான் எனக்குப் பெரியவர்.

இப்போது செல்விக்குத் திரும்புகிறேன். ரிச்சர்டுக்கு ஒரு படம் இருக்கிறது. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலிலும் அவருடைய சாயல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவர் ராஜனி திரணகமவுக்கு 2005இல் கனடாவில் ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். அதன் நடித்துக்காட்டும் பகுதிகளில் அம்மாவாகத் தோன்றியவர் ராஜனியின் மகள் ஷாரிகா. அதைப் பார்க்கும் எந்தப் பெண்ணும் ஒருமுறை மூச்சை நிறுத்திக்கொள்வாள். செல்விக்கு அப்படி ஒரு திரைப்படம் வரவில்லை. அவர் உடல் கிடைக்கவில்லை. அவர் யாருக்கும் தாயல்ல. தியாகியாக்கிக் கொண்டாட எந்த அரசுக்கும் எந்த இயக்கத்துக்கும் அவரிடம் பயனில்லை. அவரைச் சொந்தம் கொண்டாடுவதென்றால், கொன்றவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிச் சொல்லும்போது, ‘இதைச் சொன்னால் சிங்கள அரசுக்கு உதவியாகிவிடாதா’ என்று கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். அரசு செய்த படுகொலைகளை ஒரு எழுத்துக் குறைக்காமல் சொல்லிக்கொண்டே இதையும் சொல்ல முடியும். ராஜனியும் அவரது தோழர்களும் ‘முறிந்த பனை’யில் செய்தது அதுதான்: எல்லாத் துப்பாக்கிகளின் கணக்கையும் எழுதினார்கள். ஒரு தமிழ்ப் பெண் கவிஞரின் கொலையைத் தமிழில் சொல்ல முடியாத தமிழுணர்வால், அந்தக் கடைசி வரிசை மாணவிக்கு என்ன பயன்?

ஒருநாள் ‘ராணி’ போன்ற ஒரு படம் செல்விக்கும் வரக்கூடும். வந்தால் அதில் பிடித்துச் செல்லும் இரவு இருக்கட்டும். அதற்கு முன்னால் நாடக ஒத்திகை நீண்ட நேரம் இருக்கட்டும். ‘தோழி’க்குப் படி எடுக்கும் பெண்கள் இருக்கட்டும், அவர்கள் சண்டை போடட்டும், சிரிக்கட்டும். அவருடைய கவிதையை யாராவது ஒருவர் முழுதாக வாசிக்கட்டும்.

அதுவரை என்னிடம் இருப்பது வகுப்பறைதான். அடுத்த வாரம் அதே வகுப்பில், கரும்பலகையில் வாக்கியத்தை மாற்றி எழுதினேன்: ‘செல்வி விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்.’ சில மாணவிகள் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, “இது பரிட்சைக்கு வருமா மேம்?” என்றாள். வராது என்றேன். துறைமங்கலத்துப் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அன்று செல்வியின் கவிதைகளை அவளைத்தான் வாசிக்கச் சொன்னேன்.