செய்நிரல் யாருடையது?

இலங்கையின் வஹகோட்டையிலிருந்து உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை பைத்தன் செய்நிரலையும் பேனாவால்தான் எழுதவேண்டும். முதலாம் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டாம் தாளில் விரிவான விடைகள். மண்டபத்தில் கணினி கிடையாது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அங்கே செய்நிரலை ஓட்டிக் காட்டவேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சிகள் முன்கூட்டியே தெரிந்தவை. செய்முறைப் பதிவேடான ரெக்கார்ட் நோட்டில் எழுதியதை மனப்பாடமாகத் தட்டினாலே போதும். வகுப்பு முழுவதும் ஒரே விடையைக் கொடுக்கும்போது களவை எங்கே தேடுவது?

இந்தக் களவைக் கண்டுபிடிக்கத்தான் மென்பொருள்கள் வந்தன. அப்போது பெர்க்லியில் இருந்த அலெக்ஸ் அய்கன் 1994இல் உருவாக்கிய மாஸ் ஒன்று, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பிறந்த ஜேபிளாக் இன்னொன்று. மாறியின் பெயரை மாற்றினாலும், குறிப்புரையைத் தமிழில் எழுதினாலும் ஜேபிளாக் ஏமாறாது. பெயர்களை விட்டுவிட்டுக் கட்டளைகளின் வரிசையை ஒப்பிடும். ஆசிரியரே கொடுத்த தொடக்க வரிகளைக் கழித்துவிடவும் செய்யும். எந்த இரண்டு ஒப்படைகள் ஒத்துப்போகின்றன என்பது தெரியவரும். யார் யாரைப் பார்த்தார் என்பது தெரியவராது. பத்து வரிப் பயிற்சியில் ஒற்றுமை தானாகவே வரும். அங்கே கருவியை நம்பித் தண்டனை கொடுப்பது அநியாயம்.

இந்தியாவின் என்பிடெல் இணையப் பாடங்களில் வாராந்தச் செய்நிரல் ஒப்படைகளை மறைவான சோதனைத் தரவுகள் திருத்துகின்றன. அவற்றுக்கு 25 மதிப்பெண். 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. வீட்டில் செய்ததை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு அதுவே கணக்கு. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் கட்டணமின்றி நடத்தும் பைத்தன் பாடத்தையோ வஹகோட்டை வீட்டிலிருந்தே முடித்துச் சான்றிதழ் வாங்கலாம். நல்ல வாசல்தான்; வேலைக்கு எடுப்பவர் மட்டும் அந்தத் தாளோடு நிற்கக்கூடாது.

சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை ஆய்வேடுகளில் நடக்கும் கருத்துத் திருட்டைச் சதவீதம் வைத்து அளக்கிறது. வகுப்பு ஒப்படைகளையும் விடைத்தாள்களையும் வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது.

மிஞ்சுவது வாய்மொழிக் கேள்விதான். "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும், தம்பி?" என்று கேட்டால், எழுதியவன் யோசிப்பான், பார்த்தெழுதியவன் விழிப்பான். இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் 30 செய்முறை மதிப்பெண்களில் வாய்மொழிக்கு 3, ரெக்கார்டுக்கு 7 வைத்திருக்கிறது. அந்த ஏழையும் வாய்மொழிக்கே கொடுத்துவிடலாம். இங்கே உயர்தரத்தில் அந்த மூன்றும் இல்லை.