ஆய்வின் பலன் யாருக்கு?

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உள்ளது. 2020 மே, ஜூன் மாதங்களில் 70 மாவட்டங்களில் ஏறத்தாழ 28,000 பேரின் இரத்தத்தைச் சோதித்து, கொரோனாத் தொற்றின் பரவலைக் கணித்த ஆய்வில் அந்நிறுவனம் முன்னின்றது. அதன் முடிவு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். மக்கள் தந்த இரத்தத்தால் விளைந்த அறிவு மக்களிடமே மீண்டது. இதுவே நேரிய முறை என்போம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் தகும். 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். வறிய அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பேருதவி, மறுக்கோம். எனினும், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிலையங்களுக்குமே இது முதற்கண் உரியதாயிற்று. அயப்பாக்கத்து ஆய்வாளருக்குக் கிட்டுவது, ஆவடியிலுள்ள தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கும் பூவிருந்தவல்லிச் சபைப் போதகருக்கும் கிட்டாது. அவர்களும் வரி செலுத்துவோரே. சந்தா முடிந்தால் கதவும் மூடும்.

திறந்த இதழ்கள் பல, எழுதுவோரிடம் பெருங்கட்டணம் பெறுகின்றன என்பர். உண்மையே. ஆகவே, நிறுவனங்களே செலவை ஏற்கும் இதழ்கள் பெருகுதல் வேண்டும்.

நம்மையும் சோதித்தறிவோமாக. சபையாரின் காணிக்கையால் கற்று எழுதப்பெற்ற ஆய்வேடுகளை நூலக அலமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு அரசைக் குறைகூறுதல் நமக்கு அழகன்று. முதலில் நம் அலமாரிகள் திறக்கட்டும்.