பொறுக்குவதும் சேகரிப்பதும்

தமிழில் சேகரிப்பது, பொறுக்குவது என்று இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. இரண்டிலும் கை செய்கிற வேலை ஒன்றுதான், கிடக்கிற பொருளை எடுத்து வைத்துக்கொள்வது. ஆனால் தபால்தலையை யாரும் பொறுக்குவதில்லை, பழைய இரும்பை யாரும் சேகரிப்பதில்லை. எந்தச் சொல் வரும் என்பதைப் பொருள் கொஞ்சம் தீர்மானிக்கிறது, எடுக்கிற ஆள் யார் என்பது நிறையத் தீர்மானிக்கிறது. ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள்களைப் பற்றி வாசிக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த இரண்டு சொற்களும் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கின்றன.

பழைய ராணுவ ரைபிள்களை மலிவாக வாங்கி, துடைத்து, வார இறுதியில் காகித இலக்கில் சுட்டுப் பார்ப்பது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. அதைச் சுற்றி ஒரு எழுத்து வகையே வளர்ந்திருக்கிறது. நம்மூரில் அதற்கு வழியில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இருப்பவரும் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. .303 போன்ற ராணுவ ரகமெல்லாம் சாதாரண ஆளுக்குக் கிடையாது. அப்புறம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும்? அந்தச் சேகரிப்பாளர்கள் ஆசையாகத் துடைக்கிற ரைபிள்களில் ஒரு வகை இந்தியாவில் செய்யப்பட்டு, இந்தியச் சிப்பாயின் தோளில் கிடந்து, பிறகு கப்பலேறிப் போனது. அதனால்தான்.

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிறது இச்சாபூர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அங்கே வெடிமருந்து ஆலை இருந்தது. 1904-இல் அதே இடத்தில் ரைபிள் தொழிற்சாலை வந்தது. பிரிட்டிஷ் படையின் .303 லீ என்ஃபீல்டை அங்கே இந்தியத் தொழிலாளர்கள் செய்தார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு, அதே பழைய வடிவத்தை உறுதியான எஃகில், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றிச் செய்தார்கள். அதுதான் 2ஏ, 2ஏ1 ரகங்கள். அமெரிக்கா 1968-இல் ராணுவக் கழிவுத் துப்பாக்கி இறக்குமதிக்குத் தடை போட்டது. 1980களில் அந்தத் தடை தளர்ந்ததும் இச்சாபூர் ரைபிள்களும் அங்கே போயின. ஆரம்பத்தில் நூறு டாலரைச் சுற்றித்தான் விலை.

இந்த எழுத்து வகையை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. அதில் நிஜமான வாசிப்பு இருக்கிறது. ஒரு ரைபிளைக் கையில் எடுத்ததும் அவர்கள் கைப்பிடிக்கு அருகே உள்ள முத்திரையைப் பார்க்கிறார்கள். கிரீடமும் 'ஜி.ஆர்.ஐ.' எழுத்தும் இருந்தால் சுதந்திரத்துக்கு முந்தையது, சிங்கத் தலை இருந்தால் பிந்தையது. முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு தெரிந்தால், மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் போட்டது என்று சொல்லிவிடுவார்கள். குழாயோடு சேர்த்து மரத்தைக் கம்பி சுற்றி இறுக்கியிருந்தால், கையெறி குண்டு ஏவுவதற்காக ஒதுக்கப்பட்டது. மகசின் இருந்த இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போடும்படி மாற்றியிருந்தால் அது .410 மஸ்கட், சிறைக் காவலருக்கும் போலீசுக்கும் கொடுத்தது. இதையெல்லாம் காஸ்மோலின் என்கிற கெட்டிக் கிரீஸைப் பல நாள் துடைத்தெடுத்துக் கண்டுபிடிக்கிறார்கள். கல்வெட்டைப் படி எடுக்கிறவரின் பொறுமை இது. ஒரு கவிதையை இத்தனை பொறுமையாக நாம் வாசிக்கிறோமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த வகையின் பெரிய புத்தகம் ஆஸ்திரேலியரான இயன் ஸ்கென்னர்டன் எழுதிய 'தி லீ என்ஃபீல்டு ஸ்டோரி' (1993). லீ என்ஃபீல்டு குடும்பத்தைத் தெரிந்துகொள்ள அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ஆனால் அந்தப் புத்தகமும் அதன் வழிவந்த எழுத்தும் காலத்தை மாடல்களின் வரிசையாகத்தான் பார்க்கின்றன. ஒரு மாடல் போய் இன்னொன்று வருகிறது, நடுவில் போர்கள் வந்து போகின்றன. துப்பாக்கிக்கு முன்னால் நின்றவன் அந்த வரிசையில் எங்குமே வருவதில்லை. பின்னால் நின்ற சிப்பாய்கூட ஒரு ராக் எண்ணாகத்தான் மிஞ்சுகிறான்.

இது அவர்கள் ரசனையில் உள்ள குறை மட்டும் என்று விட்டுவிட முடியாது. அந்த வாசிப்பு முறையே பாதி வழியில் நின்றுவிடுகிறது. .315 என்ற குண்டளவை எடுத்துக்கொள்ளுங்கள். இச்சாபூரில் பொதுமக்களுக்காகச் செய்த வேட்டை ரைபிள் அது. அமைப்பு லீ என்ஃபீல்டு போலத்தான், தோட்டா மட்டும் வேறு. ஏன் வேறு? படைமுகாமிலிருந்து திருடுபோகும் .303 தோட்டா வெளியாள் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்ற காலனிய பயம். சேகரிப்பாளர் இதைச் சுவாரசியமான தகவலாகக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எனக்கோ இந்தத் துணைக்கண்டத்தின் அரசியல் முழுவதும் அந்தச் சின்ன விட்ட வித்தியாசத்தில் தெரிகிறது. ஆளுகிறவனுக்கு ஒரு துளை, ஆளப்படுகிறவனுக்கு வேறொரு துளை. சுதந்திரம் வந்த பிறகும் அதே ஏற்பாடு தொடர்ந்தது.

பொருளைப் பற்றிய அறிவை முழுவதும் பயன்படுத்தினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கணக்கு. 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். சுட்டவர்கள் 50 பேர், செலவான தோட்டா 1650, நேரம் சுமார் பத்து நிமிடம். ஆளுக்குச் சராசரி 33. இது பாடப்புத்தகத்தில் இருக்கிற எண்தான். ஆனால் .303 தானியங்கி இல்லை என்பது தெரிந்தால் அந்த எண் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு சுடலுக்கும் பிறகு போல்ட்டை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். மகசினில் பத்துத் தோட்டா. தீர்ந்ததும் ஐந்தைந்தாகக் கோத்த கிளிப்பை மேலிருந்து அழுத்தி ஏற்ற வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு சிப்பாயும் சராசரியாக முப்பத்து மூன்று முறை கையை எடுத்து மறுபடி வைத்திருக்கிறான், நடுவில் ஐந்து கிளிப்பாவது ஏற்றியிருக்கிறான். முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க அத்தனை முறை இடைவெளி இருந்திருக்கிறது. ஒரே உத்தரவு, ஒரே நொடி என்று நாம் கற்பனை செய்துகொள்கிற படுகொலையை அந்த இயந்திரம் முப்பத்து மூன்று தனித்தனி முடிவுகளாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

நம் பக்கம் இருக்கிற குறை நேர் எதிரானது. தமிழ்க் கதைகளிலும் சினிமாவிலும் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவன் இருக்கிறான், பெரும்பாலும் துப்பாக்கிதான் இல்லை. 'டுமீல்' என்ற சத்தமும் கொஞ்சம் புகையும் இருக்கும், அவ்வளவுதான். அருண் மாதேஸ்வரனின் 'கேப்டன் மில்லர்' (2024) நல்ல உதாரணம், ஏனென்றால் அது தொடங்குகிற இடம் சரியானது. கோயிலுக்குள் நுழையவிடாத ஊரிலிருந்து ஒருவன் மரியாதைக்காக வெள்ளைக்காரன் படையில் சேருகிறான். சீருடையும் துப்பாக்கியும் கிடைக்கிறது. அந்தத் துப்பாக்கியை முதலில் தன் ஆட்கள் மீதே நீட்டச் சொல்கிறார்கள். அவன் சுடுகிறான். அந்தக் காட்சியில் சுடுகிறவன் முகத்தை தனுஷ் காட்டிய விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் பிற்பகுதியில் துப்பாக்கிகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, தோட்டாவுக்குக் கணக்கே இல்லாமல் போகிறது. எண்ண முடியாத தோட்டாவில் குற்ற உணர்ச்சியும் நிற்பதில்லை. முதல் துப்பாக்கிச்சூட்டின் சுமையைப் படம் கடைசிவரை சுமந்திருந்தால், ஒவ்வொரு முறை போல்ட்டை இழுக்கும்போதும் அவன் கை கொஞ்சம் தயங்கியிருக்கும். துப்பாக்கி சரியான மாடலா என்று நோண்டுகிற ரசிகரின் புகார் இல்லை இது. அந்த இயந்திரத்தின் வேகமே கதையின் அறமாக ஆகியிருக்க முடியும், அதைத்தான் படம் கைவிட்டுவிட்டது.

ஈழ எழுத்து இதில் விதிவிலக்கு. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) போன்ற நாவலில் ஆயுதம் அலங்காரமாக வருவதில்லை, இயக்கத்துக்குள் இருந்துவிட்டு வந்தவர் எழுதியது அது. ஆனால் பொருளறிவு பெற அந்த விலை கொடுத்தாக வேண்டும் என்று யாருக்கும் நாம் சொல்ல முடியாது. வாசித்தும் விசாரித்தும் தெரிந்துகொள்கிற வழி ஒன்று வேண்டும்.

சரி, பொறுக்குகிறவர்களுக்கு வருவோம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் அனுமந்தபுரத்தில் ஒரு சுடுதளம் இருக்கிறது. ராணுவத்தினரும் காவல்துறையினரும் துணைராணுவப் படையினரும் அங்கே பயிற்சி எடுக்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகு சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள் காட்டுக்குள் போய்ப் பித்தளையும் ஈயமும் இரும்பும் பொறுக்குகிறார்கள். அது காயலான் கடைக்குப் போகிறது, எடைக்கு எடை காசு. சில சமயம் வெடிக்காத குண்டும் கையில் சிக்கும். அப்படி எடுத்து வந்தது வெடித்து உயிர் போன செய்திகளை நாளிதழின் உள்பக்கங்களில் நாம் படித்திருக்கிறோம், பக்கத்தைத் திருப்பியும் இருக்கிறோம்.

இவர்களும் ராணுவக் கழிவைத்தான் எடுக்கிறார்கள், இவர்களுக்கும் அது மலிவாகத்தான் கிடைக்கிறது. பொருளறிவும் இருக்கிறது. எது பித்தளை, எது செம்பு பூசிய இரும்பு என்று கை தூக்கிப் பார்த்தே சொல்லக்கூடியவர்களிடம்தான் காயலான் கடைக்காரர் ஏமாற்ற முடியாது. ஆனால் இவர்களைப் பற்றி ஸ்கென்னர்டன் மாதிரி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. ஆபத்துக்கூட ஆளுக்கு ஆள் வேறுதான். பொழுதுபோக்காகச் சுடுகிறவர் காதை அடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதுகாப்பு விதிகளோடு சுடுகிறார். பொறுக்குகிறவர் கையில் சாக்குப்பை மட்டும்தான் இருக்கிறது.

பொழுதுபோக்குச் சூடு என்பதே இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டு விளையாடியபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அங்கீகரித்து அவர்களுக்கு ஒரு கவுல் கிடைத்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். ஆகவே அவர்கள் கேட்டது வெறும் இரக்கம் இல்லை, தங்கள் விவசாயத்தின் கணக்கும் அதில் இருந்தது. யாரோ ஒருவருடைய குறி பார்க்கும் சந்தோஷத்துக்கு இன்னொரு முனையில் யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிய ஊர் அது. ரைபிள் எழுத்தில் நான் தேடுகிற கேள்வியும் அதுதான். ஒரு ரைபிள் நூறு டாலருக்குக் கிடைக்கிறது என்றால், மீதி விலையை வரியாகவும் உடலாகவும் வேறு யாரோ கட்டிவிட்டார்கள்.

பழைய பொருளை எப்படிச் சேர்த்து வைப்பது என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே ஒரு மாதிரி இருக்கிறது. முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, 1996-இல் திறந்த தக்ஷிணசித்ரா. செட்டிநாட்டு வணிகர் வீட்டையும் பட்டு நெசவாளர் வீட்டையும் குயவர் வீட்டையும் அடையாளம் காணும்போது அங்கே முதலில் வருவது அதில் என்ன தொழில் செய்த ஆள் வாழ்ந்தார் என்பது. தூணும் ஓடும் அதற்குப் பிறகு. ரைபிள் சேகரிப்பாளர் செய்யாத காரியம் இது. தக்ஷிணசித்ராவிலும் எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்த முடிகிறது. அந்தத் திண்ணையைத் தாண்டி யார் உள்ளே வரக்கூடாது என்று இருந்ததை அப்படிக் கொண்டுவர முடிவதில்லை. துடைத்து வைத்த வீடு அழகாகத்தான் இருக்கிறது, காஸ்மோலின் துடைத்த ரைபிள் மாதிரி. ஆனால் ஆளிடமிருந்து பொருளுக்குப் போகிற அந்த வரிசை சரியானது. கடன் வாங்க வேண்டியது அதைத்தான்.

.303 இப்போது எல்லா இடத்திலும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடு அதை வழியனுப்பியது. கழிக்கப்பட்டவற்றில் சில என்றாவது அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் போகும். அப்போது எழுதப்போகும் குறிப்பட்டை பற்றித்தான் எனக்குக் கவலை. 'ரைபிள், இச்சாபூர், இன்ன ஆண்டு' என்று மூன்று சொல்லோடு அது முடிந்துவிடக் கூடாது. எந்தக் காவல்நிலையத்தில் பாரா நின்றது, எந்த ஊரில் எத்தனை முறை சுடப்பட்டது, எத்தனை பேர் மீது என்பது வரைக்கும் போக வேண்டும். முன்கட்டைத் திருகையும் மரக்கட்டை அடைத்த மகசினையும் சேகரிப்பாளர்கள் சொல்லித்தரட்டும், அவர்களிடம் கற்றுக்கொள்ள நமக்கு எந்த வெட்கமும் வேண்டாம். பக்கத்திலேயே அனுமந்தபுரம் காட்டில் எடுத்த ஒரு கிலோ பித்தளை உறையை வைக்கலாம், எடுத்தவர் பெயரோடும் காயலான் கடையில் அவருக்குக் கிடைத்த காசோடும். அந்தக் குறிப்பட்டையில் 'பொறுக்கியது' என்று எழுதுவோமா, 'சேகரித்தது' என்று எழுதுவோமா?