ஆயில் போன பிறகே எஞ்சின் போகிறது

அமெரிக்காவின் ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ கார் பந்தயத்தில் நுழைய முக்கிய விதி ஒன்றுதான்: கார் 500 டாலருக்குள் அடங்க வேண்டும். ரோல் கேஜ், சீட், பெல்ட், பிரேக், டயர் ஆகியவை பாதுகாப்புச் செலவு என்பதால் அந்தக் கணக்கில் வராது. கணக்கில் ஏமாற்றியவர்கள் பந்தயம் தொடங்கும் முன்பே சில சுற்றுகளை அபராதமாக இழப்பார்கள். ஜே லாம் 2006-ல் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் தடத்தில் தொடங்கிய பந்தயம் இது. பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைக் கிண்டல் செய்யும் பெயர். அமெரிக்க வழக்கில் ‘லெமன்’ என்றால் வாங்கியவரை அழவைக்கும் கார். முதலில் வந்த காருக்குப் பரிசு உண்டு என்றாலும், இங்கே பெரிய கௌரவம் அதற்கில்லை. ஓடவே ஓடாது என்று எல்லோரும் கைவிட்ட காரைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டும் அணிக்குத்தான் அது போகிறது.

பெயரில் 24 மணி நேரம் இருந்தாலும் பெரும்பாலான போட்டிகள் சனி, ஞாயிறு பகல் நேரத்தில் நடந்து முடிகின்றன. இரண்டு நாளும் சேர்த்து 14 மணி நேரம் ஓட்டம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எஞ்சின் படும் பாடு தெரியும். சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றுகிறது. தன் சக்தியில் ஒரு சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. பந்தயத்தில் சராசரி 5,500. அதுவும் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் தரையைத் தொட்ட நிலையில். 14 மணி நேரத்தில் 46 லட்சம் சுற்று. இருபது, முப்பது ஆண்டு வயதான, முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றினாரா என்றே தெரியாத ஒரு குடும்பக் காரின் எஞ்சின் இதைச் செய்ய வேண்டும்.

இதைக் கேட்டதும், பழைய எஞ்சின் தேய்ந்துபோய் உடைகிறது என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தால் அப்படி இருப்பதில்லை. பெரும்பாலும் பிஸ்டன் நன்றாக இருக்கும், சிலிண்டர் நன்றாக இருக்கும். கனெக்டிங் ராடின் அடிமுனையில் உள்ள பேரிங் மட்டும் உருகிக் கறுத்துப்போயிருக்கும். சில சமயம் ராடே முறிந்து, பிளாக்கைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும். இந்தப் பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பங்கு, தலைமுடியைவிட மெலிது. அதில் நிற்கும் ஆயில் படலத்தின் மேல்தான் கிராங்க் மிதந்து சுழல்கிறது. உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. ஆயில் பம்ப்பின் வேலை அந்தப் படலத்துக்குத் தொடர்ந்து ஆயில் கொடுத்துக்கொண்டிருப்பது. கொடுப்பது நின்றால் படலம் கிழிகிறது.

கொடுப்பது ஏன் நிற்கிறது? வளைவில்தான் விடை இருக்கிறது. பேருந்து மலைப்பாதைக் கொண்டை ஊசியில் திரும்பும்போது கையில் இருக்கும் டம்ளர் தண்ணீர் ஒரு பக்கம் ஏறுவதைப் பார்த்திருப்போம். எஞ்சினின் அடியில் உள்ள சம்ப்பிலும் அதேதான் நடக்கிறது. நல்ல டயர் போட்ட கார் நீண்ட வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான விசையைப் பக்கவாட்டில் தாங்கினால், ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். ஆயிலை உறிஞ்சும் குழாய் சம்ப்பின் நடுவிலோ மறு ஓரத்திலோ இருந்தால் அதன் வாயில் காற்றுதான் புகும். இதற்குள் இன்னொரு திருட்டும் நடந்திருக்கும். அதிக வேகத்தில் பம்ப் ஆயிலைச் சிலிண்டர் ஹெட்டுக்குத் தள்ளும் வேகத்தில் அது கீழே வடிவதில்லை. நாலரை லிட்டர் பிடிக்கும் சம்ப்பில் கணிசமான பங்கு மேலேயே தங்கிவிடும். தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக எரிந்துபோனது போக மீதிதான் வளைவில் சாய்கிறது.

ஒரு முறை காற்று புகுந்தால் எஞ்சின் செத்துவிடாது. அதனால்தான் இந்தக் கோளாறு ஏமாற்றுகிறது. தடத்தின் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம், அதில் ஒரே ஒரு வளைவில் இரண்டு விநாடி ஆயில் இல்லை என்று கொண்டால், 14 மணி நேரத்தில் 336 சுற்றுக்குப் பதினோரு நிமிடம் பேரிங் வறண்டு ஓடியிருக்கும். அரை மணி நேரப் பந்தயம் ஓட்டிப் பழகியவரின் காரில் இது தெரியவே தெரியாது. ‘போன மாதம் நன்றாகத்தானே ஓடியது’ என்று பழுதுபார்க்கும் பிட்டில் கேட்கும் புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

சூடும் சேர்ந்துகொள்கிறது. ஆயில் 100 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்கு ஏறினால் அதன் பிசுபிசுப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். படலமும் மெலியும். குடும்பக் கார்கள் பலவற்றில் ஆயில் கூலரே கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை.

பரிகாரம் விலை உயர்ந்ததல்ல என்பதுதான் வேதனை. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு அரை லிட்டர் கூடுதலாக ஆயில் ஊற்றுவது, சம்ப்பைக் கழற்றி உள்ளே தகடுகளை வெல்டிங் செய்து ஆயில் ஓடாமல் தடுப்பது, பெட்ரோல் போட வரும்போதெல்லாம் ஆயில் அளவைப் பார்ப்பது. இவற்றுக்கு ஒரு சனிக்கிழமையும் கொஞ்சம் தகரமும் போதும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்கள், அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்துவைத்து வறட்சி நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் உருளை ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஆனால் முதல்முறை வரும் அணிகளில் பல, இருக்கிற பணத்தைக் காருக்கு வேஷம் கட்டுவதிலும் கூடுதல் சக்தி எடுப்பதிலும் போட்டுவிட்டு, சம்ப்பைத் தொடாமல் வந்துவிடுகின்றன.

வளைவே காரணமாக இல்லாமலும் ஆயில் நிற்பதுண்டு. இந்தப் பந்தயங்களில் பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் கார்கள் ஏராளம். 1990-களில் வந்த அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் பல்சக்கரத்தை ஒரே ஒரு நட் பிடித்திருக்கிறது. தொடர்ந்த அதிர்வில் அது தளர்ந்து கழன்றால் பம்ப் நின்றுவிடும். அனுபவப்பட்ட அணிகள் புது எஞ்சின் கையில் வந்ததும் முதல் வேலையாகச் சம்ப்பைக் கழற்றி அந்த நட்டைக் கம்பியால் கட்டுகின்றன.

இரண்டாவது எமன் வெப்பம். பழைய கார்களின் ரேடியேட்டர் பாதி அடைத்துக் கிடக்கும். பிளாஸ்டிக் கழுத்து வெயிலிலும் சூட்டிலும் மொறமொறத்துப் போயிருக்கும். ஹோஸ் ஒன்று வெடித்தால் ஒரு சுற்றுக்குள் தண்ணீர் காலி. வார்ப்பிரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் எஞ்சினில் ஆபத்து அதிகம். அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்து, நடுவில் உள்ள கேஸ்கெட் கிழிந்து, சிலிண்டருக்குள் தண்ணீர் வரும். ஒரு பழைய மூடிக்கும் இதில் பங்குண்டு. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்குகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மற்றதெல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை.

இங்கே ஓட்டுநரை ஏமாற்றுவது வெப்பமானியேதான். அதன் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்க வெளியேறியதும் அது வெறும் காற்றில் நிற்கிறது. முள் மேலே போகாமல் கீழே இறங்குகிறது. ‘அப்பாடா, சூடு குறைந்தது’ என்று இன்னும் இரண்டு சுற்று ஓட்டி ஹெட்டை வெல்லமாக உருக்கியவர்கள் உண்டு. வெப்பமானி திடீரென்று இறங்கினால் மகிழ வேண்டியதில்லை, நிறுத்த வேண்டும்.

ஆயிலும் தண்ணீரும் சரியாக இருந்தும் ஒரு கை எஞ்சினைக் கொல்லலாம். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்து இரண்டாவதில் போட்டுவிடுவதை அமெரிக்க ஓட்டுநர்கள் ‘மணி ஷிஃப்ட்’ என்கிறார்கள்; பணத்தைக் காலி செய்யும் கியர். 6,500-ல் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சின் கிளட்ச்சை விட்டதும் 9,000-ஐத் தாண்டும். எஞ்சினைக் காக்க வைத்திருக்கும் வேகத் தடுப்பு இதில் கைகொடுக்காது, ஏனென்றால் அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். இப்போது எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள். ராட் மீதான இழுவிசை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் சுமை இரட்டிப்பாகிறது. வால்வு பிஸ்டனில் மோதி வளைகிறது. ஐந்தாறு பேர் மாறி மாறி ஓட்டும் அணியில், களைப்பு ஏறிய மூன்றாம் மணி நேரத்தில், தளர்ந்த கியர் லீவரோடு, இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மற்றக் காரணங்கள் இவற்றோடு ஒப்பிட்டால் சில்லறை. மாற்றாத டைமிங் பெல்ட் அறுவது, அடைத்த இன்ஜெக்டரால் ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்து பிஸ்டனில் ஓட்டை விழுவது, சக்திக்கு ஆசைப்பட்டு இக்னிஷன் டைமிங்கை முன்னால் தள்ளிவைப்பது. முதலாவதற்கு ஒரு பெல்ட்டின் விலைதான் செலவு. கடைசியானதற்கு ஆசையை அடக்கினாலே போதும்.

எஞ்சினைப் பிரித்து எல்லாம் புதிதாகப் போட்டால் தப்பிக்கலாமே என்ற எண்ணம் இயல்பு. பந்தயக்காரர்களின் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. காயலான் கடையிலிருந்து தூக்கிவந்த, யாரும் கைவைக்காத எஞ்சின், வீட்டு ஷெட்டில் பிரித்துக் கோத்த எஞ்சினைவிடப் பலமுறை நீண்ட நாள் உழைக்கிறது. தொழிற்சாலையில் மைக்ரோமீட்டர் பிடித்து அளந்து கோத்த இடைவெளிகளை, அவசரத்தில், தூசியில், அளக்காமல் கோப்பவரால் தர முடிவதில்லை.

எஞ்சின் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேட்கும் ஏற்பாடுதான் காரில் இல்லை. கம்பெனி வைத்த ஆயில் விளக்கு, ஆயிலின் அழுத்தம் ஏழு பி.எஸ்.ஐ-க்குக் கீழே போனால்தான் எரியும். 6,000-ல் சுற்றும் எஞ்சினுக்கு 60 பி.எஸ்.ஐ இருக்க வேண்டும் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு. விளக்கு எரியும்போது பேரிங் ஏற்கெனவே போய்விட்டது. தெரிந்த அணிகள் 20 பி.எஸ்.ஐ-யில் எரியும்படி ஒரு சுவிட்சை மாட்டி, ஓட்டுநரின் கண்ணெதிரே லாரி பின்விளக்கு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்துகின்றன. அது எரிந்த கணமே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பிட் வரை ஓட்டிவந்து நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு அந்த ஒரு கிலோமீட்டரே போதும்.

சனிக்கிழமை மாலை ராட் முறிந்தால் இரவோடு இரவாக எஞ்சினை மாற்றி ஞாயிறு காலை தடத்தில் நிற்கும் அணிகள் உண்டு. அப்படிப் போராடியவர்களுக்கென்றே லெமன்ஸில் ஒரு பரிசு இருக்கிறது. காரில் ஆயில் கூலர் பொருத்தியிருந்தால், அந்த அவசரத்தில் பலர் மறப்பது அதைத்தான். பழைய பேரிங் அரைபட்டு வந்த உலோகத் தூள் அதன் மெல்லிய குழாய்களில் தங்கியிருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் முழுக்கப் போகாது. புது எஞ்சினின் முதல் சூட்டில் அது கிளம்பி நேரே புது பேரிங்குக்குத்தான் வரும். எஞ்சினை மாற்றுபவர்கள் பழைய ஆயில் கூலரை அதே இரவில் குப்பையில் போட்டுவிட வேண்டும்.