ஒரே மேசையில் ஒற்றனும் ஆவியும்

1928இல் பிரிட்டனில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வெளிவந்தன. ஒன்று ஜான் பக்கனின் ‘தி ரனகேட்ஸ் கிளப்’, மற்றது சாமர்செட் மாமின் ‘ஆஷண்டன்’. இருவருமே முதல் உலகப் போரில் பேனாவோடு அரசுப் பணிக்குப் போனவர்கள். பக்கன் 1917இல் போர்ச் செய்தித் துறைக்குத் தலைமை ஏற்றார். மாம் ஸ்விட்சர்லாந்திலும், பிறகு புரட்சிக் கொதிப்பிலிருந்த பெட்ரோகிராடிலும் உளவு பார்த்தார்.

சாகசம், உளவு, பேய் என்று நாம் இன்று தனித்தனி அலமாரியில் அடுக்கும் கதைகள் அன்று ஒரே உலையில் வெந்தவை. அந்த உலை போர்தான். திரும்பி வந்தவர்களிடம் எந்த அறிக்கையிலும் எழுத முடியாத அனுபவங்கள் இருந்தன. அவற்றைச் சொல்ல அவர்களுக்கு இந்தக் கதைவடிவங்கள் மூன்றும் தேவைப்பட்டன.

பக்கனின் தொகுப்பே இதற்குச் சான்று. போருக்குப் பின் விருந்து மேசையைச் சுற்றிக் கூடும் நண்பர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், மொத்தம் பன்னிரண்டு. ‘முப்பத்தொன்பது படிகள்’ நாயகன் ரிச்சர்ட் ஹானே, தென்னாப்பிரிக்காவில் புனித ஊற்றொன்றின் காவலை மீறியவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். இன்னொரு கதையில் ரோமானியர் காலத்துத் தெய்வம் ஆங்கிலக் கிராமப்புற மாளிகை ஒன்றில் அனல்காற்றாய் எழுகிறது. ‘டாக்டர் லார்ஷியஸ்’ கதையிலோ ஆவிகளோடு பேசுவதே ஓர் ஒற்றனின் வேடம். மகனைப் போரில் இழந்த பெற்றோர் உண்மையிலேயே ஆவி ஊடகர்களைத் தேடி அலைந்த காலம் அது என்பதை நினைத்தால், இந்தக் கதையின் துணிச்சல் விளங்கும்.

ஆனால் தொகுப்பின் மணிமுடி ‘தி லோத்லி ஆப்போசிட்’தான். எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் சேனல் என்பவன், எங்கோ அமர்ந்து அவற்றைப் பின்னும் ஒரு ஜெர்மானிய மூளையோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறான். முகம் தெரியாத அந்த எதிராளிக்கு அவன் மனம் ஓர் உருவம் கொடுக்கிறது: அருவருப்பூட்டும் ஒரு பெண். போர் முடிந்ததும் உடலும் மனமும் நொடிந்துபோய் ஜெர்மனியில் ஒரு மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போகிறான். அவனைக் குணப்படுத்தும் அந்தக் கனிந்த மனிதர்தான் அந்த எதிராளி. கதையில் பேயே வரவில்லை. இருந்தும் நான் படித்த பேய்க்கதைகளில் இதற்கு உயர்ந்த இடம் தருவேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒருவனைப் பிடித்தாட்டுவதும், அதன் பெயர் தெரிந்ததும் பிடி தளர்வதும் இதில் அப்படியே இருக்கின்றன. பக்கனிடம் பேரரசின் மமதை உண்டு. ஆப்பிரிக்கர்களையும் யூதர்களையும் குறித்த இழிபார்வையும் அவர் எழுத்தில் உண்டு. அதை மறைத்து அவரைப் பாராட்டக் கூடாது.

கிப்ளிங்கின் துயரம் வேறு வகை. ஒரே மகன் ஜான் 1915இல் லூஸ் போர்க்களத்தில் மாண்டான். 1926இல் வந்த ‘டெபிட்ஸ் அண்ட் கிரெடிட்ஸ்’ தொகுப்பிலுள்ள ‘எ மடோனா ஆஃப் த டிரெஞ்சஸ்’ கதையில், உறைந்த பிணங்களை அடுக்கிக் கட்டிய பதுங்குகுழியில் ஒரு சார்ஜென்ட், இறந்துபோன தன் காதலியின் ஆவியைக் காண்கிறான். கரியடுப்புப் புகையில் தன்னை மாய்த்துக்கொண்டு அவளிடம் போகிறான். இங்கே ஆவி அச்சுறுத்த வரவில்லை, அழைத்துப் போக வருகிறது. அதைப் பார்த்துவிட்ட இளைஞன்தான் நடுங்கிப் போகிறான்.

எம்.ஆர். ஜேம்ஸ் பழைய மரபைச் சேர்ந்த பேய்க்கதைக்காரர். என்றாலும் 1925இல் அவர் எழுதிய ‘எ வார்னிங் டு த க்யூரியஸ்’, அந்நியப் படை கரையிறங்காமல் காக்கும் புதைந்த மகுடத்தைப் பற்றியது. தோண்டியெடுத்தவன் அதைத் திரும்பப் புதைத்த பிறகும் காவலன் அவனை விடுவதில்லை. போர்முனையில் நின்ற ஏ.எம். பரேஜ் ‘முன்னாள் சிப்பாய் எக்ஸ்’ என்ற பெயரில் போர் நினைவுகளையும் பேய்க்கதைகளையும் எழுதினார். எச்.ஆர். வேக்ஃபீல்டு, டபிள்யூ.எஃப். ஹார்வி ஆகியோரும் தேடிப் படிக்க வேண்டியவர்களே.

மாம் இந்தக் கூட்டத்தில் தனித்து நிற்கிறார். உளவு என்பது பெரும்பாலும் சலிப்பான குமாஸ்தா வேலை, அதிலும் பிழை மலிந்த வேலை என்று காட்டியவர் அவர். ‘த ஹேர்லெஸ் மெக்சிகன்’ கதையில் கொல்லப்படுவது தவறான ஆள். ‘ஜூலியா லஸாரி’யில் வலைவிரிக்கப்படுவது சந்திரலால் என்ற இந்தியப் புரட்சியாளனுக்கு. அவன் காதலிக்கும் நடனக்காரியை மிரட்டி, கடிதம் எழுதவைத்து, ஸ்விஸ் எல்லையைத் தாண்டி பிரான்ஸுக்கு வரவழைக்கிறார்கள். பிடிபடும் நொடியில் அவன் நஞ்சருந்துகிறான். அவளோ, தான் பரிசளித்த கைக்கடிகாரம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறாள்.

கதைகளின் நாயகனான உளவாளி ஆஷண்டனுக்கு அந்த இந்தியனின் துணிவின் மேல் மதிப்பு உண்டு. மேலதிகாரிக்கு அது பிடிப்பதில்லை. 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்த அதே மாம், இந்தியாவில் கால்வைப்பதற்குப் பத்தாண்டு முன்பே இந்தப் பாத்திரத்தைப் படைத்திருந்தார். ஆனாலும் சந்திரலால் தன் கதையைத் தானே சொல்ல வாய்ப்பில்லை. விருந்து மேசையில் அவனுக்கு நாற்காலி போடப்படவே இல்லை. வேட்டையாடியவர்களின் வாய்வழியாகவே அவனை அறிகிறோம். அவனுக்கு மூலமாகக் கருதப்படுபவர் சரோஜினி நாயுடுவின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா. கதையில் நஞ்சருந்தி இறந்தவர், நிஜத்தில் பிரிட்டிஷ் உளவாளிகள் கையில் சிக்கவே இல்லை. ஸ்டாலினின் களையெடுப்பில் 1937இல் சோவியத் அரசு அவரைக் கொன்றது.